முந்நூறு கிலோ கூடுதல்

உருண்டையின் மேல் நூல் பிடித்து அளந்தால்
சாங்கியிலிருந்து நியூயார்க்
பதினையாயிரத்து முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்.
அந்த நூலின் மேல் யாரும் பறப்பதில்லை.
இன்றிரவு ஜப்பானுக்கு மேலே காற்று
வெள்ளம் வந்த ஆறுபோலக் கிழக்கே ஓடுகிறது.
அதில் இறக்கிவிட்டால்
தூரம் ஆயிரம் கூடும்,
நேரம் நாற்பது நிமிடம் குறையும்.
சுற்றிப் போனால் சீக்கிரம்.
நீ நம்பமாட்டாய், தவச்செல்வன்.
பீஷானுக்குப் போகவே
நேர்கோடு கேட்கிற ஆள் நீ.

பதினொரு வருடமாய் இதே மேசை.
மூன்று திரை, ஒரு தொலைபேசி,
ஆறிப்போன கோப்பி ஓ கோசோங்.
ஆளுக்கு இத்தனை கிலோ என்று
சராசரி போட்டுத்தான் பயணிகளை எனக்குத் தெரியும்.
சிரித்துக்கொண்டு ஏறியவருக்கும்
கழிவறையில் முகம் கழுவிவிட்டு ஏறியவருக்கும்
ஒரே எடை.
உன்னையும் அப்படியே போட்டேன்.

"ரெண்டே வருஷம்" என்றாய்
டெம்பனிஸ் ஈரச்சந்தையில், மீன் வரிசையில்.
நான் வாய் திறக்கவில்லை.
பதினேழாயிரத்து ஐந்நூற்று இருபது மணி நேரம் என்று
உள்ளே பெருக்கிக்கொண்டிருந்தேன்.
வெட்டவா என்று மீன்காரர் கேட்டார்.
இருவரும் தலையாட்டினோம்,
ஆளுக்கொரு திசையில்.
அதற்குப் பிறகு பதினாறு நாள்
மின்கட்டணம் பற்றியும்
பெட்டியின் உடைந்த பூட்டு பற்றியும் மட்டும் பேசினோம்.

இந்த வேலையில் ஒரு விந்தை உண்டு.
எண்ணெயைச் சுமக்கவும் எண்ணெய் எரியும்.
முந்நூறு கிலோ கூடுதலாய் ஏற்றினால்
பதினெட்டு மணி நேரம் கழித்து
நூற்று அறுபதுதான் மிஞ்சும்.
மீதி
தன்னைத் தானே சுமந்ததற்கான கூலி.

ஆனாலும் ஏற்றினேன்.
காப்டன் கேட்கவில்லை.
வானிலை கேட்கவில்லை.
காரணம் என்ற கட்டத்தில்
காற்று என்று எழுதினேன்.
பக்கத்து நாற்காலி ஷாஹிதா எட்டிப் பார்த்தாள்,
பிஸ்கட் பொட்டலத்தை என் பக்கம் நகர்த்திவிட்டு
தன் திரைக்குத் திரும்பிக்கொண்டாள்.

பதினொன்று முப்பத்தைந்துக்கு உன் குறுஞ்செய்தி:
ஏறிட்டேன்.
எனக்குத் தெரியும்.
கதவு மூடிய நிமிடம் வரை தெரியும்.

விடிகாலை தானா மேராவில் நான் ரயில் மாறும்போது
நீ ஜப்பானைத் தாண்டியிருந்தாய்.
திரைச்சீலையை இழுத்துவிட்டு நான் படுத்தபோது
தேதிக்கோட்டைக் கடந்து
நேற்றைக்குள் நுழைந்திருந்தாய்.
அந்த நேற்று செவ்வாய்க்கிழமை வரைதான் போகும்.
மீன் வரிசை வரை போகாது.

மூன்று மணிக்கு இடி எழுப்பியது.
மூங்கில் கழிகளை உள்ளே இழுத்தேன்,
உன் சட்டை இரண்டு, என் சீருடை ஒன்று.
கீழே யாரோ கார் கண்ணாடியை ஏற்றினார்கள்.
நீ கனடாவுக்கு மேல் எங்கோ,
அநேகமாய்த் தூங்காமல்.

அப்போதுதான் ஒன்று உறைத்தது.
நூற்று அறுபது கிலோ என்பது
வானத்தில் வட்டமடிக்க
இரண்டு நிமிடத்துக்குக்கூடப் போதாது.
அவ்வளவுதானா நான் தந்தது?
அந்த இரண்டு நிமிடத்தை
வேலைக்குக் கிளம்பும்போது
வாசலில் நின்றே தந்திருக்கலாம்.
செருப்பை மாட்டிக்கொண்டே
"சாவியை ஷூ அலமாரியில வச்சிடு" என்றல்லவா சொன்னேன்.

ஐந்து இருபத்தேழு.
சக்கரம் தரை தொட்டது.
பதினேழு மணி ஐம்பத்திரண்டு நிமிடம்,
நான் போட்ட கணக்குக்கு மூன்று நிமிடம் முன்னால்.
அங்கே விடிகாலை நாலரை.

கைப்பேசி அதிர்ந்தது.
குளுருது. ஜாக்கெட் எங்க வச்சே?

பெரிய பெட்டி, இடது பக்கம்,
நீலத் துண்டுக்கு அடியில் என்று அடித்தேன்.
அனுப்பவில்லை.
துண்டை எடுத்தால் தெரிந்துவிடும்,
நான் மடித்து வைத்த என் ஸ்வெட்டரும்
அங்கேதான் இருக்கிறது.
எனக்கு விடுப்பு மார்ச்சில்.

மழை விட்டிருந்தது.
அனுப்பினேன்.